வெள்ளவத்தை மாடிவீட்டுக்கு ஸ்மார்ட் டிமர் ஆளிகள்: எதை வாங்குவது, எப்படிப் பொருத்துவது?

கடற்கரை_ஒழுங்கை:

வணக்கம். வெள்ளவத்தையில், காலி வீதிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட ஒழுங்கையொன்றில் உள்ள தொடர்மாடியில் குடியிருக்கிறோம். கண்புரை சத்திரசிகிச்சைக்குப் பிறகு மண்டப விளக்குகளின் வெளிச்சம் அம்மாவின் கண்களைக் கூசச் செய்கிறது. அவற்றை அணைத்துவிட்டாலோ இருட்டில் எழுந்து நடக்கப் பயப்படுகிறார். ஆகவே வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கவும், இரவு பத்து மணிக்குப் பிறகு தானாகவே மங்கலாக எரியவும் கூடிய ஸ்மார்ட் டிமர் ஆளிகளைப் பொருத்த நினைக்கிறேன்.

மண்டபத்தின் போலிக்கூரையில் பதித்த எல்இடி டவுன்லைட்கள் ஆறு, சாப்பாட்டு மேசைக்கு மேல் திருகு வகை மின்குமிழ்கள் மூன்று கொண்ட தொங்குவிளக்கு, அம்மாவின் அறையில் பின் வகை மின்குமிழ் ஒன்றும் மின்விசிறி ஒன்றும் உள்ளன. புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் ஒரு கடைக்காரர் கண்ணாடி முகப்புடைய வைஃபை டிமர் ஒன்றைக் காட்டி, அது எல்லா விளக்குக்கும் பொருந்தும் என்று உறுதியாகச் சொன்னார். ரொறன்ரோவில் இருக்கும் தம்பி டிசம்பரில் வரும்போது லூட்ரோன் டிமர்களைக் கொண்டுவரலாம் என்கிறான். எது சரியான வழி என்று விபரம் அறிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

ரொறன்ரோ_யாழ்:

அக்கா, தம்பியைத் தடுத்துவிடுங்கள். இங்கே வீட்டு மின்சாரம் 120 வோல்ட், 60 ஹேர்ட்ஸ். கொழும்பில் 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ். கனடாக் கடைகளில் விற்கும் வீட்டுப் பாவனை டிமர்கள் இங்குள்ள மின்னழுத்தத்துக்கு மட்டுமே செய்யப்பட்டவை. கைபேசிச் சார்ஜர் இரண்டு நாட்டிலும் வேலை செய்கிறதே என்று பலர் நினைக்கிறார்கள். சார்ஜர் 100 முதல் 240 வோல்ட் வரை ஏற்கும்படி வடிவமைக்கப்பட்டது, டிமர் அப்படியல்ல. அதோடு இங்குள்ள சுவர்ப்பெட்டி ஒடுங்கிய நீள்சதுரம், உங்களுடையது பிரித்தானிய முறைச் சதுரம். திருகு துளைகூடப் பொருந்தாது.

யாராவது லண்டனிலிருந்து வருகிறார்களா என்று பாருங்கள். அங்கே 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ், அதே 86 மில்லிமீற்றர் சதுர முகப்பு. எங்கிருந்து கொண்டுவந்தாலும் கம்பியில்லாத் தொடர்பின் அலைவரிசையையும் கவனிக்க வேண்டும். இசட்-வேவ், சிக்பீ என்பவை ஸ்மார்ட் சாதனங்கள் ஒன்றோடொன்று பேசும் கம்பியில்லாத் தொடர்பு முறைகள். இசட்-வேவ் சாதனங்கள் வட அமெரிக்காவில் 908 மெகாஹேர்ட்ஸிலும் ஐரோப்பாவில் 868 மெகாஹேர்ட்ஸிலும் பேசுகின்றன. ஒன்றின் மையக்கருவி (ஆளிகளை இணைத்து ஆளும் பெட்டி) மற்றதன் ஆளியோடு பேசாது. சிக்பீயும் வைஃபையும் உலகெங்கும் 2.4 கிகாஹேர்ட்ஸில் இயங்குவதால் அந்தத் தொல்லை அவற்றுக்கு இல்லை.

இரத்மலானைப்_பொறியியலாளர்:

மேலே சொன்னது முழுவதும் சரி. ஆனால் ஆளியைத் தெரிவு செய்வதற்கு முன் விளக்கைப் பார்க்க வேண்டும் என்பதை நான் வலியுறுத்திச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் கொழும்பில் ஸ்மார்ட் டிமர் பொருத்தி மனம் நொந்தவர்களில் பெரும்பாலானோர் செயலியையும் கண்ணாடி முகப்பையும் ஒப்பிட்டு வாங்கிவிட்டு, கூரையில் என்ன எரிகிறது என்பதைக் கடைசியாகப் பார்த்தவர்கள்.

சுவரில் பொருத்தும் டிமர் மின்னழுத்தத்தைக் குறைப்பதில்லை. ஆடலோட்ட அலையின் ஒரு பகுதியை வெட்டி விடுகிறது. நமது 50 ஹேர்ட்ஸ் மின்சாரத்தில் ஒவ்வோர் அரை அலையும் 10 மில்லிசெக்கன் நீடிக்கும். அந்த 10 மில்லிசெக்கனில் எவ்வளவு நேரம் விளக்குக்கு மின்சாரம் போகிறது என்பதைத்தான் டிமர் தீர்மானிக்கிறது, அதையே செக்கனுக்கு 100 தடவை செய்கிறது. ஜோயல் ஸ்பைரா 1959இல் குறைகடத்தி டிமரை உருவாக்கி, 1961இல் லூட்ரோன் நிறுவனத்தைத் தொடங்கியபோது எதிரே இருந்தது இழை மின்குமிழ். சூடான இழைக்கு அலை எங்கே வெட்டப்பட்டாலும் கவலையில்லை. எல்இடி விளக்குக்குள் ஒரு சிறிய மின்னணுச் சுற்று இருக்கிறது. நாம் டிரைவர் என்று சொல்வது அதைத்தான். வெட்டப்பட்ட அலையைப் புரிந்துகொள்ளும்படி அந்த டிரைவர் செய்யப்பட்டிருந்தால் மட்டுமே விளக்கு மங்கும். இல்லாவிட்டால் சிமிட்டும், இரையும், 40 சதவீதத்தில் திடீரென்று அணைந்துபோகும், சில மாதங்களில் டிரைவரே பழுதாகவும் கூடும். எல்லா விளக்குக்கும் பொருந்தும் என்ற பேச்சை நம்ப வேண்டாம்.

அலையின் முன்விளிம்பை வெட்டும் டிமர்கள் இழை மின்குமிழ்களுக்கும் பழைய இரும்புக் கருவுள்ள மின்மாற்றிகளுக்கும் உரியவை. விலை குறைந்தவை இவைதான். பின்விளிம்பை வெட்டுபவை மின்சாரத்தை மெதுவாகத் தொடக்கி இடையில் நிறுத்துவதால் எல்இடி டிரைவர்களுக்கு இதமானவை, இரைச்சலும் குறைவு. நீங்கள் வாங்குவது பின்விளிம்பு வகையாகவோ, இரண்டுக்கும் மாற்றி அமைக்கக்கூடியதாகவோ இருக்கட்டும். பெட்டியில் 400 வொட் என்று பெரிதாக எழுதியிருந்தாலும் அது இழை மின்குமிழுக்கான கணக்கு. எல்இடிக்கு உரிய அளவு பக்கத்திலேயே தனியாகவும் மிகக் குறைவாகவும் இருக்கும். குறைந்தபட்சச் சுமை என்று இன்னோர் எண்ணும் உண்டு. பழைய வகை டிமர்களில் அது 40 அல்லது 60 வொட்டாக இருப்பதால், உங்கள் அம்மாவின் அறையில் உள்ளதைப் போன்ற தனி 9 வொட் மின்குமிழை அவற்றால் ஒழுங்காக ஆள முடியாது.

போலிக்கூரை டவுன்லைட் ஒன்றைக் கீழே இழுத்து, பின்னால் தொங்கும் டிரைவர் பெட்டியின் எழுத்துகளைப் படியுங்கள். சுற்றுடைப்பானை அணைத்த பிறகே தொடவும். மங்கச் செய்யலாம் என்று அதில் எழுதியிராவிட்டால், மங்காத வகை என்றே கொள்ள வேண்டும். அப்போது ஆறு டிரைவர்களையும் மாற்ற வேண்டிவரும். விளக்குத் தட்டை அப்படியே வைத்துக்கொண்டு, அதே மில்லி அம்பியர் வெளியீடும், அதே வோல்ட் வீச்சும் உள்ள மங்கும் வகை டிரைவரை மட்டும் மாற்றினால் போதும்.

கொட்டாஞ்சேனை_முற்றம்:

பொறியியலாளர் ஐயா விளக்கின் பக்கத்தைச் சொல்லிவிட்டார். ஆளிப் பெட்டிக்குள் இருப்பதை நான் சொல்கிறேன். எங்கள் வீடு பழையது, முற்றம் வைத்த வீடு. ஆளி முகப்பைக் கழற்றினால் உள்ளே சிவப்புக் கம்பி ஒன்றும் கறுப்புக் கம்பி ஒன்றும் மட்டுமே இருக்கும். பழைய பிரித்தானிய நிறமுறைப்படி சிவப்பு உயிர்க்கம்பி, கறுப்பு நொதுமல் கம்பி, அதாவது மின்சாரம் திரும்பிப் போகும் கம்பி. ஆளிக்குள் வரும் அந்தக் கறுப்பு நொதுமல் அல்ல. கூரையிலிருந்து ஆளிக்கு இரட்டைக் கம்பியொன்றை இறக்கியபோது, உயிர்க்கம்பி சிவப்பில் கீழே வந்து, ஆளியைக் கடந்து, கறுப்பில் விளக்குக்குத் திரும்பிப் போகிறது. ஆளியைப் போட்டதும் அந்தக் கறுப்பில் 230 வோல்ட் இருக்கும். நொதுமல் கம்பி ஆளிப் பக்கமே வராமல் கூரையிலேயே விளக்கோடு நின்றுவிடுகிறது.

பெரும்பாலான ஸ்மார்ட் ஆளிகள் தாம் விழித்திருப்பதற்கு நொதுமல் கம்பியைக் கேட்கின்றன, ஏனென்றால் விளக்கு அணைந்திருக்கும்போதும் அவற்றின் கம்பியில்லாத் தொடர்புப் பகுதி இயங்க வேண்டும். நொதுமல் தேவைப்படாத வகைகளும் உண்டு. அவை விளக்கின் ஊடாகவே சிறிதளவு மின்சாரத்தைக் கசியவிட்டு உயிர்வாழ்கின்றன. விளக்கு சிறியதாக இருந்தால் அந்தக் கசிவே போதுமானதாகி, அணைத்த பிறகும் எல்இடி மெல்ல ஒளிர்ந்துகொண்டிருக்கும் அல்லது சில செக்கன்களுக்கு ஒருமுறை மின்னும். விளக்கோடு பக்கவாட்டில் இணைக்கும் சிறிய பைபாஸ் துண்டு ஒன்றைப் பெட்டியோடு தருகிறார்கள், அதைப் பொருத்தினால் இது பெரும்பாலும் நின்றுவிடும். அதை ஆளிப் பெட்டியில் அல்ல, விளக்கின் முனைகளில் பொருத்த வேண்டும்.

புதிய நிறமுறையில் உயிர் பழுப்பு, நொதுமல் நீலம், புவிக்கம்பி பச்சை-மஞ்சள். கொழும்பில் ஒரே வீட்டுக்குள் இரண்டு முறையும் கலந்திருப்பதைக் கண்டிருக்கிறேன். நிறத்தை நம்பாமல் மீற்றர் வைத்துப் பார்ப்பதே பாதுகாப்பானது.

கடற்கரை_ஒழுங்கை:

எல்லோருக்கும் மிக்க நன்றி. இன்று பிரதான சுற்றுடைப்பானை அணைத்துவிட்டுப் பார்த்தேன். மண்டப ஆளிப் பெட்டிக்குள் பிளாஸ்ரிக் குழாய் வழியாகச் சிவப்புக் கம்பிகள் மட்டுமே வருகின்றன, கறுப்பு எதுவும் இல்லை. டவுன்லைட் டிரைவரில் 300 மில்லி அம்பியர் என்றும், உள்வாங்கல் 220 முதல் 240 வோல்ட் என்றும் இருக்கிறது. மங்கும் வகை என்ற சொல் இல்லை. எங்கள் தொடர்மாடிக்கு வழக்கமாக வரும் மின்னியலாளர், கீழேயுள்ள 13 அம்பியர் குதையிலிருந்து நொதுமல் கம்பியை ஆளிக்கு எடுத்துத் தருவதாகச் சொல்கிறார். அதுவும் முடியாவிட்டால் புவிக்கம்பியை நொதுமலாகப் பயன்படுத்தலாம், பல வீடுகளில் செய்திருக்கிறேன் என்கிறார். செய்யலாமா?

இரத்மலானைப்_பொறியியலாளர்:

இரண்டையும் செய்யவே கூடாது. இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், தயவுசெய்து அந்த மின்னியலாளருக்கும் காட்டுங்கள்.

புவிக்கம்பி, பழுது நேரும்போது மின்சாரத்தை மண்ணுக்குக் கொண்டுபோவதற்காக மட்டுமே இருக்கிறது. அதில் தினமும் ஆளியின் மின்சாரத்தை ஓடவிட்டால், ஒவ்வோர் ஆளியும் சில மில்லி அம்பியர்களைப் புவிக்கு அனுப்பும். மின்கசிவைக் கண்டதும் மின்சாரத்தைத் துண்டிக்கும் ட்ரிப் சுவிட்ச் நம் வீடுகளில் வழக்கமாக 30 மில்லி அம்பியருக்கு அமைந்தது. நான்கைந்து ஆளிகளின் கசிவும், குளிர்சாதனப்பெட்டி, தண்ணீர் சூடாக்கி ஆகியவற்றின் இயல்பான சிறு கசிவும் சேரும்போது அது காரணம் தெரியாமல் விழத் தொடங்கும். அதுகூடப் பரவாயில்லை. எங்காவது அந்தப் புவிக்கம்பி அறுந்துவிட்டால், அதற்கு அப்பால் அதோடு இணைந்த உலோகப் பாகங்கள் எல்லாம், விளக்குச் சட்டமும் ஆளிப் பெட்டியும் உட்பட, ஆளியின் ஊடாக வரும் மின்சாரத்தோடு நிற்கும்.

குதையிலிருந்து நொதுமல் எடுப்பது இதைவிட நயவஞ்சகமானது, ஏனென்றால் எல்லாம் நன்றாக வேலை செய்வது போலவே தோன்றும். முழு வீட்டுக்கும் ஒரே ட்ரிப் சுவிட்ச் இருந்தால் அது விழாது. ஆனால் விளக்குச் சுற்றின் மின்சாரம் குதைச் சுற்றின் நொதுமல் வழியாகத் திரும்பிக்கொண்டிருக்கும். பிறகு ஒரு நாள் குதையைப் பழுதுபார்க்க வருபவர், குதைச் சுற்றுடைப்பானை அணைத்துவிட்டு, இனி ஆபத்தில்லை என்று நம்பி அந்த நொதுமலைக் கழற்றினால், கழன்ற முனை விளக்குச் சுற்றின் ஊடாக 230 வோல்ட்டுக்கு உயரும். அவர் கையில் அது இருக்கும். நாம் பின்பற்றும் பிரித்தானிய வயரிங் விதிமுறைகள் ஒவ்வொரு சுற்றுக்கும் அதனதன் நொதுமல் கம்பியே இருக்க வேண்டும் என்று கேட்பதற்கு இதுதான் காரணம்.

உங்கள் வீட்டில் கம்பிகள் குழாய்க்குள் ஓடுகின்றன என்பது நல்ல செய்தி. கூரையில் அந்த விளக்குச் சுற்றின் நொதுமல் இருக்கும் இணைப்புப் பெட்டியிலிருந்து ஆளிப் பெட்டிக்கு, அதே குழாயில், ஒரு கறுப்புக் கம்பியைப் புதிதாக இழுத்துவிடலாம். குழாய் அடைந்திருந்தாலோ வளைவு அதிகமாக இருந்தாலோ சிரமம். மற்றபடி இது ஒரு மின்னியலாளருக்கு அரைநாள் வேலைதான். ஆளை மாற்றுவது நல்லது என்பது என் கருத்து. இலங்கைப் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு அனுமதிப்பத்திரம் வழங்கிய மின்னியலாளர்கள் இருக்கிறார்கள். அந்த அட்டையைக் கேட்டுப் பார்த்தே வேலையை ஒப்படையுங்கள்.

நுகேகொடைத்_தம்பி:

இவ்வளவு வயரிங் வேலை தேவையா என்று கேட்க விரும்புகிறேன். சாப்பாட்டு மேசை விளக்குக்கும் அம்மாவின் அறைக்கும் சிக்பீ ஸ்மார்ட் மின்குமிழ்களைப் போட்டு, சுவரில் பற்றரியில் இயங்கும் கம்பியில்லாப் பொத்தானை ஒட்டிவிட்டால் சுவரைத் திறக்கவே வேண்டாம். மின்குமிழ் தன்னைத்தானே மங்கச் செய்துகொள்வதால் பொருந்துமா பொருந்தாதா என்ற கேள்வியும் எழாது. வெளிச்சத்தின் நிறத்தையும் மாற்றலாம். வெள்ளையிலிருந்து மஞ்சளுக்கு மாறினாலே அம்மாவின் கண்களுக்கு இதமாக இருக்கும் என்று நினைக்கிறேன். வீடு வாடகை வீடு என்றால் போகும்போது கழற்றிக்கொண்டும் போகலாம்.

கொட்டாஞ்சேனை_முற்றம்:

தம்பி சொல்வது தனி மின்குமிழுக்குப் பொருந்தும், ஆனால் பழைய சுவர் ஆளியை யாராவது அணைத்துவிட்டால் ஸ்மார்ட் மின்குமிழ் ஊமையாகிவிடும். வயதானவர்கள் வாழ்நாள் முழுவதும் சுவரில் கைவைத்து விளக்கை அணைத்தவர்கள். அவர்களைச் செயலியையோ வேறொரு பொத்தானையோ பழகச் சொல்வது நியாயமில்லை. சுவரில் இருக்கும் ஆளியே டிமராக இருந்தால், அம்மா எப்போதும்போல் அழுத்துவார், விளக்கு எப்போதும்போல் எரியும், எவ்வளவு எரிய வேண்டும் என்பதை நேரம் பார்த்து ஆளி முடிவு செய்யும். ஒரு விடயம் மட்டும்: ஸ்மார்ட் மின்குமிழையும் டிமர் ஆளியையும் ஒரே சுற்றில் ஒருபோதும் சேர்க்க வேண்டாம். வெட்டப்பட்ட அலையில் அந்த மின்குமிழின் மூளை குழம்பிப்போகும்.

நுகேகொடைத்_தம்பி:

அம்மாவின் அறைக்கு அண்ணா சொல்வதை ஏற்கிறேன். சாப்பாட்டு மேசைக்கு என் கருத்தில் மாற்றமில்லை.

இன்னொன்றையும் சேர்க்க வேண்டும். மின்தடைக்குப் பிறகு மின்சாரம் திரும்பும்போது ஒவ்வொரு சாதனமும் என்ன செய்யும் என்பதை வாங்கும் முன்பே கேளுங்கள். 2022இல் ஒரு கட்டத்தில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு இருந்ததை நாம் மறக்கவில்லை. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உபநிலையத்தில் குரங்கொன்று புகுந்ததில் நாடே இருளானது. பல ஸ்மார்ட் மின்குமிழ்கள் மின்சாரம் வந்ததும் முழு வெளிச்சத்தில் எரியத் தொடங்கும். அதிகாலை மூன்று மணிக்கு அம்மாவின் முகத்துக்கு நேரே அது நடப்பதை யாரும் விரும்பமாட்டார்கள். முந்தைய நிலைக்குத் திரும்பு என்றோ, அணைந்தே இரு என்றோ அமைக்கும் வசதி உள்ளதை மட்டுமே வாங்குங்கள். இணையம் திரும்பி வரும் வரை காத்திராமல் வீட்டுக்குள்ளேயே நேர அட்டவணையை இயக்கக்கூடியதாகவும் இருக்க வேண்டும். சிக்பீ மையக்கருவிகள் பொதுவாக அப்படிச் செய்கின்றன. வைஃபை ஆளிகளில் சில, இணையத்தின் மறுமுனையில் உள்ள தூரத்து வழங்கிக் கணினியை நம்பியே இயங்குகின்றன. 2022 ஒக்டோபரில் வெளியான மேட்டர் தரத்தை ஏற்கும் சாதனங்கள் வீட்டு வலையமைப்புக்குள்ளேயே பேசும்படி வடிவமைக்கப்பட்டவை என்பதால், விலை கட்டுப்படியானால் அவற்றை முதலில் பாருங்கள்.

இரத்மலானைப்_பொறியியலாளர்:

மின்தடை பற்றித் தம்பி எழுதியது மிகவும் பயனுள்ளது. உங்கள் வீட்டில் பற்றரி இன்வேட்டர் இருந்தால் அது தூய சைன் அலை தருவதா என்று பாருங்கள். விலை குறைந்த இன்வேட்டர்கள் படிக்கட்டு வடிவ அலையைத் தருகின்றன. டிமர் ஒவ்வோர் அரை அலையும் பூச்சியத்தைக் கடக்கும் கணத்தைக் கணித்தே வெட்டுகிறது. படிக்கட்டு அலையில் அந்தக் கணம் தெளிவாக இல்லாததால் விளக்குகள் சிமிட்டும், டிமர் இரைந்து சூடாகும். தொடர்மாடியின் பொது மின்பிறப்பாக்கி ஓடும்போதும் சிறிய சிமிட்டல் தெரியலாம், அதற்காகக் கவலைப்பட வேண்டியதில்லை.

மின்விசிறியின் கட்டுப்பாட்டுப் பெட்டியும் டிமரும் பார்வைக்கு ஒரே மாதிரி இருப்பதால் இதையும் சொல்ல வேண்டும். விளக்குக்கான டிமரை மின்விசிறிக்கு இணைக்கக் கூடாது. மோட்டார் உறுமும், டிமர் எரிந்துபோகும். அம்மாவின் அறையில் விளக்கும் விசிறியும் ஒரே முகப்பில் இருந்தால், கம்பிகளுக்குப் பெயர் எழுதி ஒட்டிய பிறகே கழற்றச் சொல்லுங்கள்.

பெட்டியின் ஆழத்தையும் அளந்துகொள்ளுங்கள். சாதாரண ஆளிக்கு 25 மில்லிமீற்றர் போதும். ஸ்மார்ட் டிமருக்கு 35 மில்லிமீற்றராவது வேண்டும், கம்பிகள் அதிகமானால் 47. ஆழமில்லாத பெட்டிக்குள் கம்பியை அமுக்கித் திணித்து முகப்பைத் திருகினால், நசுங்கிய இடத்தில் சூடேறும். நீங்கள் கடலோரத்தில் இருப்பதால் முனைத் திருகுகளில் உப்புக் காற்றின் பச்சைப் படிவு இருக்கும்; கம்பியின் நுனியை வெட்டிப் புதிதாகச் சீவி இறுக்கச் சொல்லுங்கள்.

பொருத்திய பிறகு செய்ய வேண்டியதையும் பலர் விட்டுவிடுகிறார்கள். செயலியில் குறைந்தபட்ச வெளிச்சம் என்று ஓர் அமைப்பு இருக்கும். விளக்கைக் கீழே இறக்கிக்கொண்டே போய், சிமிட்டத் தொடங்கும் இடத்துக்குச் சற்று மேலே அதை நிறுத்துங்கள். இன்னொன்று, நம் கண் வெளிச்சத்தை நேர்விகிதமாக உணர்வதில்லை: ஒளிமானியில் 10 சதவீதமாகக் காட்டும் வெளிச்சம் கண்ணுக்கு ஏறக்குறைய 30 சதவீதமாகத் தெரியும். இரவு விளக்குக்குச் செயலியில் 30 என்று வைத்துவிட்டு இன்னும் கூசுகிறதே என்று வருந்தாமல், அம்மாவையே நிற்கவைத்து அவர் போதும் என்று சொல்லும் இடத்தில் நிறுத்துங்கள்.

மின்கட்டணம் குறையும் என்ற எதிர்பார்ப்பு மட்டும் வேண்டாம். ஓர் ஆளி விழித்திருக்க அரை வொட் எடுத்தால், பத்து ஆளிகள் மாதத்துக்கு 3.6 அலகுகளை எடுக்கும். 9 வொட் மின்குமிழை மங்கச் செய்து மிச்சப்படுத்துவது அதை ஈடுசெய்யலாம், செய்யாமலும் போகலாம். கண்ணின் வசதிக்காகச் செய்கிறீர்கள், அந்தக் காரணமே போதுமானது.

கடற்கரை_ஒழுங்கை:

தம்பியிடம் டிமர் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். மண்டபத்துக்கு மங்கும் வகை டிரைவர்கள் ஆறும், பின்விளிம்பு டிமர் ஒன்றும் வாங்கப்போகிறேன். முதலில் ஒரு டிரைவரை மட்டும் வாங்கிப் பரீட்சித்துப் பார்த்துவிட்டு மற்ற ஐந்தையும் எடுப்பேன். சாப்பாட்டு மேசைக்கு நுகேகொடைத் தம்பி சொன்ன சிக்பீ மின்குமிழ்கள். அனுமதிப்பத்திரம் உள்ள ஒருவர் சனிக்கிழமை வந்து குழாயில் நொதுமல் இழுக்க முடியுமா என்று பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. அம்மாவின் அறையில் கதவருகே ஓர் ஆளியும் கட்டிலருகே ஓர் ஆளியும் ஒரே விளக்கை இயக்குகின்றன. இரண்டு இடத்திலும் டிமர் போட வேண்டுமா?

கொட்டாஞ்சேனை_முற்றம்:

வேண்டாம் அக்கா. இரண்டு டிமர்கள் ஒரே விளக்கில் ஒன்றன்பின் ஒன்றாக நின்றால் ஒன்றின் வேலையை மற்றது கெடுக்கும். டிமரை ஓர் இடத்தில் மட்டும் வையுங்கள். மற்ற இடத்துக்கு அதே தயாரிப்பாளரின் துணைப் பொத்தானையோ, டிமர் ஏற்குமானால் அழுத்தி விட்டதும் திரும்பும் மணிப்பொத்தான் வகை ஆளியையோ போடலாம். எதை ஏற்கும் என்பது டிமரின் கையேட்டில் உள்ள இணைப்புப் படத்தில் இருக்கும். அந்தப் படத்தை வாங்கும் முன்பே கடையில் விரித்துப் பாருங்கள், இரட்டை ஆளிக்கான படமே இல்லாத டிமரை எடுக்க வேண்டாம். டிமர் கட்டிலருகே இருக்கட்டும். இரவில் அம்மாவின் கை முதலில் போவது அங்கேதான்.